மணப்பாட்டில் காணாமல் போன குரல்

ஞாயிற்றுக்கிழமை. காலை மணி எட்டு பத்து.

கேமரா இருந்தது. கேமராவுக்குள் இருந்த மெமரி கார்டைக் காணவில்லை.

“சார்ஜ் ஏறலியா தம்பி?” என்று கேட்டார் வேல்சாமி.

“சார்ஜ் ஏறிருக்கு ஐயா. கார்டைத்தான் காணும். நேத்து என் கையாலதான் உள்ள போட்டு மூடுனேன்,” என்றான் ஜோயல். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கேமராவை அவன் மூன்றாவது தடவையாகத் திறந்து பார்த்தான்.

வேல்சாமிக்கு அறுபது வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் மேஸ்திரி. இருபது தறி ஓடுகிற இரைச்சலில் எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சொல்லிவிடுவார். இப்போது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“அப்போ அவன் பேசுனது?” என்று மட்டும் கேட்டார். 

அவன் என்றால் விக்னேஷ்வரன். தாயில்லாத ஒரே மகன். இன்ஜினீயரிங் படிப்பை மூன்றாம் வருடத்தில் உதறிவிட்டு, அலைமேல் பலகையில் நிற்கப் போகிறேன் என்று மணப்பாட்டுக்கு ஓடி வந்தவன். “இனிமே என் போன்ல உன் பேரு வரக்கூடாது” என்று அப்பா சொன்னார். மகனும் அப்பாவைப் போலவே ரோஷக்காரன். பேர் வரவே இல்லை. அப்படியே மூன்று வருடம் போனது. போன ஐப்பசியில் திருச்செந்தூர் சாலையில் பைக் விபத்து. மகனை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் அப்பாவிடம் கொண்டு போனார்கள்.

ஜோயல் மணப்பாட்டுக்காரன். கடற்கரையில் கூரைக் கொட்டகை போட்டு சர்ஃபிங் பள்ளி நடத்துகிறான். விக்னேஷ்வரன் அங்கேதான் தங்கி, வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு பழைய லைஃப் ஜாக்கெட் மூட்டையை உதறியபோது அவனுடைய கேமரா விழுந்தது. அதில் கடைசி வீடியோ இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. “அப்பா, நான்தான்…” என்று ஆரம்பித்ததுமே ஜோயல் நிறுத்திவிட்டான். தனக்குச் சொல்லாததைத் தான் கேட்கக் கூடாது என்று பட்டது. பிரதி எடுக்கவும் மனம் வரவில்லை. விக்னேஷ்வரனின் பழைய கல்லூரி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, “உங்க பையன் உங்ககிட்ட ஏதோ சொல்லிருக்கான் ஐயா, வாங்க” என்று மட்டும் சொன்னான்.

வேல்சாமி பஸ் ஏறி வந்தது அதற்காகத்தான். மூன்று வருடத்துக்கு மேலாகக் கேட்காத குரலைக் கேட்க. அந்தக் குரல்தான் இப்போது இல்லை.

இதையெல்லாம் வாசலில் டீ கிளாசுடன் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் யோகேஸ்வரி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து நான்கு மாதத்துக்கு முன்பு ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. கடைசி நாளில் மாலை போட்டு ஜீப்பில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் போனுக்குக் கூப்பிட்டதெல்லாம் சிலிண்டர் கொண்டு வருகிறவர்தான். வீட்டுச் சுவர் பேச ஆரம்பித்துவிடுமோ என்று பயந்து, கடலைப் பார்க்க மூன்று நாள் ஜோயலின் கொட்டகையில் தங்க வந்திருந்தார்.

ஊர் அவருக்குப் பிடித்திருந்தது. மணப்பாட்டில் கடிகாரத்துக்கு வேலை கிடையாது. அலை வந்தால் கடலில், வராவிட்டால் நிழலில். பெங்களூரில் கம்ப்யூட்டர் தட்டுகிற பையன்கள் உப்பில் வெளுத்த முடியோடு வெறுங்காலில் திரிகிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அவர்களுக்கு அலைமேல் நிற்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. முதல் நாள் அது யோகேஸ்வரிக்குச் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள், ஒருத்தராவது கேட்டால் தேவலை என்று தோன்றிவிட்டது.

“அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க. யாரும் எதையும் தொடாதீங்க,” என்றார் யோகேஸ்வரி.

சொல்லி முடிப்பதற்குள் ஜோயல் தொட்டுவிட்டான். அலமாரிக்குப் பக்கத்தில் விக்னேஷ்வரனின் சர்ஃபிங் பலகை சாய்ந்து நின்றது. கிழக்கு ஜன்னல் வெயில் முழுக்க அதன் முகத்தில். “எவம்ல இதை இப்படி வச்சது!” என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பலகையைத் திருப்பி, முகம் சுவரைப் பார்க்க நிறுத்தினான். அவன் விரலில் இளகிய மெழுகு ஒட்டியது.

யோகேஸ்வரி அவனைத் திட்டவில்லை. முந்தின நாள் மாலையை நினைத்துப் பார்த்தார்.

*

சனிக்கிழமை. மாலை மணி ஐந்தரை.

கொட்டகையை ஒட்டிய அதே அறை. கட்டிலும் அலமாரியும் போட்டால் நிற்க இடமில்லாத சின்ன அறை. கதவுக்குப் பூட்டு இல்லை, கொண்டி மட்டும்தான். ஜோயல் கேமராவை நீட்டியபோது வேல்சாமி வாங்கவில்லை. “இன்னைக்கு வேண்டாம் தம்பி. காலையில பார்ப்போம். எனக்கு ஒரு ராத்திரி வேணும்,” என்றார். கேமரா அலமாரிக்குள் சார்ஜுக்குப் போனது.

வன்னியம்பட்டிப் பெண் யுவராணி அப்போது விக்னேஷ்வரனின் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். இங்கே கற்றுக்கொள்ள வந்து, கற்றுக்கொடுப்பவளாகத் தங்கிவிட்டவள். வெள்ளைக் கட்டி மெழுகு, தேங்காய் வாசனை. பார்த்தால் பால்கோவாத் துண்டு என்று வாயில் போடத் தோன்றும்.

“எதுக்கும்மா இது?” என்று தடவிப் பார்த்தார் வேல்சாமி.

“கால் வழுக்காம இருக்கத்தான் ஐயா. அவிய பலகை காஞ்சு கிடக்கக் கூடாதுன்னு மாசா மாசம் தேய்ச்சிருவேன்.”

உள்ளங்கையில் ஒட்டிய மெழுகை வேல்சாமி சோப்புப் போட்டுக் கழுவினார். போகவில்லை. யுவராணி பலகையை மெழுகுப் பக்கம் அலமாரியைப் பார்க்க, அதன் கதவை மறைத்துச் சாய்த்து வைத்தாள்.

ஆறு மணிக்கு வேல்சாமி ராஜபாளையத்துக்காரர்களுக்கே உரிய தறிக்கூடக் குரலில் போன் பேசினார். கொட்டகை முழுக்கக் கேட்டது. “ஏலே முத்து! இன்னும் பார்க்கலடே. அலமாரியில சார்ஜ் போட்டிருக்கு. காலையில ஆறு மணிக்கு எல்லாரும் கடலுக்குப் போறாவ. நானும் அவன் நின்ன தண்ணியைப் பார்த்துட்டு, வந்துதான் பார்க்கப் போறேன். நீ பத்து மணிக்கு வந்தாப் போதும்.”

முத்து என்றால் முத்துக்குமரன். வேல்சாமியின் தங்கை மகன். தாய் தகப்பன் இல்லாமல் பத்து வயதிலிருந்து மாமா வீட்டில் வளர்ந்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாமாவைக் காரில் கூட்டிப்போக வருவதாக ஏற்பாடு.

*

ஞாயிறு. மணி எட்டு நாற்பது.

விசாரணை கொட்டகைக்குள் நடந்தது. நாற்காலி இரண்டுதான். ஒன்றில் வேல்சாமி மடியில் கேமராவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“காலையில எத்தனை மணிக்குக் கடலுக்குப் போனீங்க?”

“ஆறு இருபது மேடம். நான், ஐயா, நீங்க, படிக்க வந்த நாலு பேர்,” என்றான் ஜோயல்.

“நடுவுல நீ ஒருக்க வந்தியே.”

“ஆறே முக்காலுக்கு. ஒரு பையனுக்குக் கால்ல கட்டுற கயிறு அறுந்துட்டு. கொட்டகையில எடுத்துட்டு ஓடியாந்துட்டேன். ரூமுக்குள்ள போகல.”

“யுவராணி, நீ எப்போ வந்த?”

“ஆறு நாப்பது இருக்கும்க்கா.”

“ஏன் லேட்டு?”

யுவராணி தலை குனிந்தாள். “முகம் கழுவிட்டு வந்தேன். ஐயா அந்த வீடியோவைப் பார்க்கப் போறாவல்ல. ராத்திரி தூங்கல.”

“அதுல உன்னைப் பத்தி ஏதாவது இருக்குமோ?”

“இருந்தா நல்லா இருக்கும்க்கா,” என்றாள். கண் நிறைந்துவிட்டது. யோகேஸ்வரி அதற்குமேல் கேட்கவில்லை.

“படிக்க வந்த பயலுவ யாராச்சும் விளையாட்டுக்கு எடுத்திருப்பானுவளோ?” என்றான் ஜோயல்.

“கேமராவை விட்டுட்டு நகம் அளவு அட்டையை எடுக்க எவன் வருவான்? விலையுள்ளது இங்கயே கிடக்கு. வந்தவனுக்கு வேண்டியது குரல் மட்டுந்தான்.”

வேல்சாமி நிமிர்ந்து பார்த்தார். “எம் மவன் பேச்சு வேற யாருக்கும்மா வேணும்?”

“வேணும்னு எடுத்தாங்களோ, நீங்க கேக்க வேண்டாம்னு எடுத்தாங்களோ, இனித்தான் தெரியணும் அண்ணாச்சி.”

அவருக்கு ஆறுதல் சொல்ல யோகேஸ்வரிக்குத் தெரியவில்லை. முப்பது வருட வேலையில் அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொரு டீ வாங்கி அவர் கையில் கொடுத்தார். அது ஆறிப்போகிற வரைக்கும் இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காச்சான் என்கிற ஆனி மாதத்து மேல்காற்று தரையிலிருந்து மணலை வாரிக் கடல் பக்கம் எறிந்துகொண்டிருந்தது.

*

மணி பத்து இருபது.

கோயில் பக்கத்துச் சிமெண்டு ரோட்டில் காரை விட்டுவிட்டு முத்துக்குமரன் வந்தான். இருபத்தேழு வயது. வெளிர்நீல முழுக்கைச் சட்டை. ஒரு கையில் பால்கோவா டப்பா.

“மாமா, பார்த்துட்டீகளா?”

“இல்லடே. அட்டையை எவனோ எடுத்துட்டான்.”

“அய்யய்யோ!” முத்துக்குமரன் மாமாவின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். “போகுது விடுங்க மாமா. கேட்டா இன்னும் மனசு கெட்டுப்போகும். வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

“தம்பி எப்போ கிளம்புனீங்க?” யோகேஸ்வரி சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“நேத்து கடையிலயே படுத்துட்டேங்க. காலையில அஞ்சரைக்கு ஆண்டாளைக் கும்பிட்டேன். பக்கத்துலயே பால்கோவா வாங்குனேன், சட்டியில இருந்து அப்படியே சூடா அள்ளிக் கட்டுனாவ. அஞ்சே முக்காலுக்கு வண்டியை எடுத்தேன்.”

“நேரா இங்கதானா?”

“எங்கயும் இறங்கல. டீ கூடக் குடிக்கல.” சொல்லிக்கொண்டே அவன் இடது விலாப் பக்கம் சட்டையைத் தட்டினான். அங்கே மணல் ஒட்டியிருந்தது. திரும்பவும் தட்டினான்.

யோகேஸ்வரி டப்பாவைத் திறந்தார். உள்ளே எண்ணெய்க் காகிதம் மொரமொரவென்று காய்ந்திருந்தது. ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். ஊர் ருசிதான். மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைத்தார்.

“ஜோயல், யுவராணியையும் கூப்பிடு,” என்றார்.

*

மணி பத்து ஐம்பது.

“நான் இப்போ போலீஸ் இல்ல. அதனால அதட்டல, கேக்கேன்,” என்று ஆரம்பித்தார் யோகேஸ்வரி. “இந்த வீடியோ விஷயம் தெரிஞ்சது யார் யாருக்கு? அண்ணாச்சிக்கு, ஜோயலுக்கு, யுவராணிக்கு, எனக்கு. நானும் அண்ணாச்சியும் ஆறு இருபதுல இருந்து எட்டு வரைக்கும் மணல்லயே இருந்தோம். படிக்க வந்த நாலு பேரும் எங்க கண்ணு முன்னாலயே தண்ணியில நின்னாங்க. மிச்சம் இந்த ரெண்டு பேரு.”

ஜோயலின் முகம் மாறியது.

“நீ இல்லடே. அலமாரியைத் திறக்கணும்னா பலகையை எடுத்து ஓரமா வைக்கணும். எடுத்தவன் மெழுகுப் பக்கத்தை வெயில் பார்க்க வச்சிட்டுப் போயிருக்கான். உன்னால அதைப் பார்த்துட்டுச் சும்மா நிக்கக் கூட முடியல. நான் தொடாதேன்னு சொல்லியும் திருப்பி வச்சே. யுவராணி நேத்துச் சாயங்காலம் பார்த்துப் பார்த்துத் தேய்ச்ச மெழுகு அது. அவ அதை உருக விடுவாளா? உங்க ரெண்டு பேருக்கும் தூக்கத்துல கூட அந்தத் தப்பு வராது. வந்தவன் சர்ஃபிங் தெரியாத ஆளு.”

“அப்போ வெளியாளா?” என்றார் வேல்சாமி.

“கேமரா எந்த அலமாரியில இருக்கு, எத்தனை மணிக்குக் கொட்டகை காலியா இருக்கும், எல்லாம் தெரிஞ்ச வெளியாளு. நேத்து ஆறு மணிக்கு நீங்க அதை ஒரே ஒரு ஆளுக்குத்தான் போன்ல சொன்னீங்க அண்ணாச்சி.”



“நான் அந்நேரம் வில்லிபுத்தூர்ல நிக்கேங்க!” என்று எழுந்தான் முத்துக்குமரன். “நாலரை மணி நேர ரோடு. பால்கோவாவே சாட்சி.”

“பால்கோவாதான் சாட்சி,” என்றார் யோகேஸ்வரி. “எங்க வீட்டுக்கு எதுத்த வீட்டுல சட்டி வச்சுக் கிண்டுதாவ. அந்தப் பொகையில வளர்ந்தவ நான். விடியக் கறந்த பால் வந்து, விறகு வச்சு, சுண்டி, முதல் சட்டி இறங்க எட்டு மணியாவது ஆகும். அஞ்சரைக்கு எந்தக் கடையில கேட்டாலும் முந்தின நாளுதான் இருக்கும். ராஜபாளையத்துக்காரங்க வாங்கித் தின்பீங்க, கிண்டுற நேரம் தெரியாது. அதோட, சூடாக் கட்டுன பால்கோவா டப்பாவுக்குள்ள வேர்க்கும். மூடியில தண்ணி முத்து முத்தா நிக்கும், காகிதம் நனைஞ்சு கிழியும். இதுல ஒரு சொட்டு ஈரம் இல்ல. நேத்துச் சாயங்காலம் ஆறிப்போய் வாங்குனது. வாங்கிட்டு ராத்திரியே வந்துட்டீங்க.”

“அது… கடைக்காரன் ஏமாத்திருப்பான்.”

“இருக்கலாம். அந்தச் சட்டை மண்ணை ஒருக்கத் தட்டுங்க தம்பி.”

முத்துக்குமரன் தட்டவில்லை.

“வந்ததுல இருந்து நாலு தடவை தட்டிட்டீங்க. சும்மா ஒட்டுன மண்ணுன்னா ஒரு தட்டுல விழுந்திரும். யுவராணி, பலகையை எப்படித் தூக்கச் சொல்லிக்கொடுப்பே?”

“மெழுகுப் பக்கம் வெளியே பார்க்கணும்க்கா. உள்பக்கம் வச்சு அணைச்சா விலாவுல, சட்டையில எல்லாம் பூசிரும்.”

“பூசுன மெழுகுல காச்சான் அடிச்ச மண்ணு ஒட்டிருக்கு.” யோகேஸ்வரி அருகில் போய், அந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். நகக்கண்ணில் வெள்ளை மெழுகு. வேல்சாமியின் மூக்கருகே நீட்டினார். தேங்காய் வாசனை. வேல்சாமி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். முந்தின நாள் ஒட்டியது அவர் கையிலும் இன்னும் இருந்தது.

“முத்து,” என்றார். கத்தவில்லை. “எதுக்குலே?”

முத்துக்குமரன் மணலில் உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தான். உள்ளே கறுப்பாக அந்தச் சின்ன அட்டை.

“கடல்ல எறிஞ்சிருக்கலாமே,” என்றார் யோகேஸ்வரி.

“எறியத்தான் போனேன். கார்ல உக்காந்து போன்ல போட்டு ஒருக்கக் கேட்டேன். பொறவு முடியல. அவன் குரலுல்லா.”

*

ஜோயலின் லேப்டாப்பில் வீடியோ ஓடியது.

வெயிலில் கறுத்த முகம். பின்னால் கடல். “அப்பா, நான்தான். உங்களுக்கு நேரா போன் பண்ணக் கூடாதுன்னு சொன்னீக, பண்ணல. அதான் முத்துக்கு மாசா மாசம் பேசி அனுப்புதேன். நீங்க என் பேரைக் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருதீகன்னு சொன்னான். பொங்கலுக்கு வரட்டுமான்னு கேட்டதுக்கும் வேண்டாம்னுட்டீகளாம். பரவாயில்லப்பா. நீங்க வாங்க ஒரு நாள். தண்ணி பயம்னா கரையில உக்காருங்க. இங்க யுவராணின்னு ஒரு பிள்ளை இருக்கு, வன்னியம்பட்டி. காட்டணும். நான் அலையில நிக்கிறதை நீங்க ஒரே ஒரு தடவை பார்த்தாப் போதும், பொறவு திட்டுங்க…”

யுவராணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு நிமிடம் நாற்பது வினாடி முடிந்தது. வேல்சாமி முத்துக்குமரனைப் பார்த்தார். “என்கிட்ட நீ ஒண்ணும் சொல்லலியே,” என்றார். “அவன் என்னைக் கேட்டானாலேன்னு நான் உன்கிட்ட எத்தனை தடவை கேட்டிருப்பேன்? இல்ல மாமான்னியே.”

“முதல் தடவை கோவத்துல சொல்லல மாமா. உங்களை அப்படி விட்டுட்டுப் போனானேன்னு. பொறவு நீங்க எனக்குச் சோறு எடுத்து வைக்க ஆரம்பிச்சீக. காய்ச்சல்னா பக்கத்துல உக்காந்தீக. அவன் வந்துட்டா நான் யாரு மாமா? எங்க போவேன்?” முத்துக்குமரன் குலுங்கி அழுதான். “ஒரு பொங்கல் கழியட்டும், சொல்லிருவோம்னு இருந்தேன். அதுக்குள்ள அவன் போயிட்டான். போன பொறவு எப்படிச் சொல்ல?”

யோகேஸ்வரிக்குக் குற்றவாளிகளைப் பார்த்துப் பழக்கம். இவனைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஒரு வீட்டில் மூன்று பேர். மூன்று பேரும் அநாதையாக இருந்திருக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கேசு கொடுக்கணுமா அண்ணாச்சி?”

வேல்சாமி தலையை ஆட்டி மறுத்தார். முத்துக்குமரன் பக்கம் திரும்பி, “ஏலே,” என்றார். “அவன் மாசா மாசம் அனுப்புனதையெல்லாம் அழிச்சிட்டியா?”

“ஒண்ணு கூட அழிக்கல மாமா. போன்லயே இருக்கு.”

“எம்புட்டு?”

“முப்பத்தேழு.”

வேல்சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அலை காலைத் தொடுகிற இடம் வரைக்கும் தனியாகப் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். “ராஜபாளையம் போக எம்புட்டு நேரம் ஆகும்?”

“நாலரை மணி.”

“அம்புட்டு நேரமும் ஒண்ணு விடாம போட்டுக்காட்டு. வாசல்ல இறங்குனதும் வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போயிரு.”

மணி பன்னிரண்டு ஐந்துக்குக் கார் கிளம்பியது. பால்கோவா டப்பா நாற்காலியிலேயே கிடந்தது. யோகேஸ்வரி வாசலில் நின்று பார்த்தார். கார் கோயில் மேட்டு வளைவு வரைக்கும் போனது. அங்கேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. பின்விளக்கின் சிவப்பு அணையவில்லை.

“வண்டி ரிப்பேரா அக்கா? போய்ப் பார்க்கட்டா?” என்றான் ஜோயல்.

“வேண்டாம்டே,” என்றார் யோகேஸ்வரி. “கேட்டுக்கிட்டிருக்காரு.”